மின் தொகுப்பின் நாடி பிடித்த பேராசிரியர்

புது தில்லி: நாடு முழுவதும் ஒரே வலையாகப் பின்னப்பட்டிருக்கும் மின் தொகுப்பு நலமாக இருக்கிறதா, நலிவுற்றிருக்கிறதா என்பதை ஒவ்வொரு விநாடியும் பல முறை அளந்து சொல்லும் கருவிகள் இன்று இந்தியாவின் முக்கியத் துணை மின்நிலையங்களில் பொருத்தப்பட்டுள்ளன. நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் மருத்துவரின் பணிக்கு நிகரானது அவற்றின் பணி. அக்கருவிகளுக்குப் பின்னால், குவாலியரில் பிறந்து காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற மின்பொறியியல் பேராசிரியர் ஒருவரின் நெடுங்கால உழைப்பு இருப்பதை அறிந்தோர் சிலரே.

அவர் பெயர் அருண் பட்கே. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1988-இல் அங்குள்ள ஆய்வகத்தில் அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய "பேஸர் அளவீட்டுக் கருவி", இன்று உலகின் பெரிய மின் தொகுப்புகள் அனைத்திலும் இடம்பெற்றுள்ளது. பொறியாளர்கள் இதைச் சுருக்கமாகப் "பி.எம்.யு." என்று அழைக்கின்றனர்.

அவருடைய கல்விப் பயணத்தை இன்று நினைவுகூர்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அதே சிக்கல்தான், 2012-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேரை இருளில் ஆழ்த்தியது. அதுவும் அவர் பிறந்த குவாலியருக்குச் செல்லும் மின்பாதையிலிருந்தே அந்தச் சரிவு தொடங்கியது.

மூன்று இருள்கள், ஒரே பிழை: 1965-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி மாலை, நியூயார்க் உள்பட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் இருளில் மூழ்கின. சுமார் 3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். நயாகரா ஆற்றங்கரையிலுள்ள ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து செல்லும் ஐந்து மின்பாதைகளில் ஒன்றைப் பாதுகாக்கும் ரிலே, மிகக் குறைந்த அளவில் அமைக்கப்பட்டிருந்ததே தொடக்கம். மின்பாதையில் பழுது ஏதும் இல்லை. மின்சுமை அதிகரித்தது, அவ்வளவே. ரிலே அதைப் பழுது என எண்ணிப் பாதையைத் துண்டித்தது. அந்தச் சுமை மற்ற நான்கு பாதைகள் மீது விழ, அவையும் சில விநாடிகளில் துண்டிக்கப்பட்டன.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி அதே வட்டாரம் மீண்டும் இருண்டது. இம்முறை பாதிக்கப்பட்டோர் சுமார் 5 கோடிப் பேர். ஓஹையோ மாநிலத்தின் சாமிஸ் - ஸ்டார் என்னும் 345 கிலோவோல்ட் மின்பாதை துண்டிக்கப்பட்டதும் சரிவு கட்டுக்கடங்காமல் போனது. அங்கும் பழுது இல்லை. கூடுதல் சுமையால் மின்னோட்டம் உயர்ந்து மின்னழுத்தம் தாழ்ந்திருந்ததை, ரிலே பழுதாகக் கணித்தது.

மூன்றாவது நம்முடையது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை 2.33 மணிக்கு, மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியருக்குச் செல்லும் 400 கிலோவோல்ட் மின்பாதை தானாகத் துண்டித்துக் கொண்டது. வடக்கு மின் தொகுப்பு முழுவதும் சரிந்தது. மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் அதே பாதை மீண்டும் துண்டிக்கப்பட, வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் வீழ்ந்தன. தில்லி மெட்ரோ ரயில்கள் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். பாதிக்கப்பட்ட மாநிலங்களில் வாழ்ந்தோர் 60 கோடிக்கும் மேல்.

மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. பீனா - குவாலியர் பாதையில் பழுது எதுவும் காணப்படவில்லை என்றும், மிகுந்த சுமையைப் பழுதாகக் கருதி ரிலேயின் "மூன்றாம் மண்டலம்" செயல்பட்டுவிட்டது என்றும் அக்குழு கண்டறிந்தது. 47 ஆண்டு இடைவெளியில், இரு கண்டங்களில், ஒரே வகைப் பிழை மூன்று முறை நிகழ்ந்திருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வகுப்பறைக்கு: அருண் பட்கே 1938-இல் குவாலியரில் பிறந்தார். 1959-இல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி தடுப்பு முகாமின் கட்டடத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், அப்போது பத்து ஆண்டுகளைக்கூட நிறைவு செய்திருக்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் முதுநிலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

முனைவர் பட்டத்துக்குப் பின் நேராகப் பல்கலைக்கழகப் பணியில் அமர்ந்து அங்கேயே ஓய்வு பெறுவது பேராசிரியர்களிடையே வழக்கமான பாதை. பட்கேயின் பாதை அவ்வாறு அமையவில்லை. மின் இயந்திரங்கள் தயாரிக்கும் ஆலிஸ் - சால்மர்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். இடையே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சில காலம் பாடம் நடத்தினார். 1969-இல் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் என்னும் பெரிய மின்நிறுவனத்தில் சேர்ந்து, ஏறத்தாழ 13 ஆண்டுகள் பணியாற்றினார். 1982-இல்தான் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அதாவது, அவர் முழுநேர ஆசிரியராக வகுப்பறைக்குள் நுழைந்தபோது வயது 44. அதற்குள் மின்பாதைகள் எவ்வாறு இயங்குகின்றன, எங்கே தவறுகின்றன என்பதை மின்நிறுவனத்துக்கு உள்ளிருந்தே கண்டிருந்தார். அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் வித்து, பல்கலைக்கழகத்தில் அல்ல, மின்நிறுவனத்தின் அன்றாடத் தேவையில்தான் விழுந்தது.

ஆறு கணக்குகளுக்குப் பதில் ஒன்று: 1970-களில் மின்பாதைகளைப் பாதுகாத்து வந்தவை பெரும்பாலும் இயந்திர வகை ரிலேக்களே. அப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்க முடியுமா என்று பட்கேயின் குழு ஆராய்ந்தது. அன்றைய கணினிகள் மிக மெதுவானவை. மூன்று கம்பிகள் கொண்ட ஒரு மின்பாதையில் பத்து வகைப் பழுதுகள் ஏற்படலாம். அவற்றைப் பிரித்தறிய ஆறு சமன்பாடுகளைத் தொடர்ந்து கணக்கிட வேண்டும். பழுதை விநாடியின் சிறு பகுதிக்குள் கண்டுபிடித்தாக வேண்டிய நிலையில், அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமையாக இருந்தது.

இதற்கு ஒரு பழைய கணித முறை கைகொடுத்தது. மும்முனை மின்சாரத்தைச் சமச்சீர்க் கூறுகளாகப் பிரிக்கும் அம்முறையை ஃபோர்டெஸ்க்யூ என்னும் பொறியாளர் 1918-இல் வெளியிட்டிருந்தார். அதைப் பயன்படுத்தி ஆறு சமன்பாடுகளின் பணியை ஒரே சமன்பாட்டில் முடிக்க பட்கேயின் குழு வழி கண்டது.

கணினி வேகமடைந்த பிறகு அந்தச் சிக்கனத்துக்கான தேவை மறைந்தது. ஆனால், அக்கணக்கின்போது துணை விளைவாகக் கிடைத்த ஒன்று நிலைத்து நின்றது. ஓர் இடத்து மின்னழுத்தத்தின் அளவையும் கோணத்தையும் மிகத் துல்லியமாக, மிக விரைவாக அளக்க முடிகிறது என்பதே அது. வேறொன்றைத் தேடியபோது கிட்டிய இந்த அளவீடு, ரிலேயைவிடப் பெரிய பயனைத் தரும் என்பதை பட்கேயும், கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அவருடன் இணைந்து ஆராய்ந்த பேராசிரியர் ஜேம்ஸ் தார்ப்பும் உணர்ந்தனர். 1983-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நுகத்தடியின் சாய்வு: கோணம் என்பது என்ன? ஒரு தொகுப்பில் இணைந்துள்ள மின்னாக்கிகள் அனைத்தும், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல ஒரே வேகத்தில் சுழல வேண்டும். வேகம் ஒன்றாக இருந்தாலும், ஒரு மாடு சற்று முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னும் நடக்கலாம். அப்போது நுகத்தடி சாயும். ஓரளவு சாய்வு இயல்பானது. முன்னிருக்கும் பகுதியிலிருந்து பின்னிருக்கும் பகுதிக்கு மின்சாரம் பாய்வதே அந்தச் சாய்வினால்தான். ஆனால், சாய்வு எல்லை மீறினால் நுகத்தடி முறியும், தொகுப்பு துண்டாகும்.

அந்தச் சாய்வுதான் கோணம். அதை அளக்க வேண்டுமானால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு இடங்களிலும் ஒரே நொடியில், ஒரே கணத்தில் அளவெடுக்க வேண்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடும்போது ஒரு சுற்று 20 மில்லி விநாடியில் முடிந்துவிடும். இரண்டு கடிகாரங்களுக்கிடையே ஒரு மில்லி விநாடி வேறுபாடு இருந்தால்கூட, கோணக் கணக்கில் 18 பாகைப் பிழை நேரும். அத்தகைய அளவீட்டால் பயனில்லை.

இதற்கு விடை வானிலிருந்து வந்தது. அமெரிக்க ராணுவம் நிறுவிவந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், பூமியில் எங்கிருந்தாலும் மைக்ரோ விநாடி துல்லியத்தில் நேரத்தை அளித்தன. ஒரு மைக்ரோ விநாடி வேறுபாட்டால் நேரும் கோணப் பிழை 0.018 பாகை மட்டுமே. 1980-களில் அச்செயற்கைக்கோள் தொகுதி முழுமை பெற்றிருக்கவில்லை. அதன் சமிக்ஞையைப் பெறும் கருவிகளின் விலையும் மிக அதிகம். எனினும், வர்ஜீனியா டெக் குழு அதை நம்பியே தன் கருவியை வடிவமைத்தது. 1988-இல் முதல் பி.எம்.யு. உருவானது. அமெரிக்க மின்நிறுவனங்கள் சிலவற்றில் சோதனைக்காகப் பொருத்தப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் வணிக முறையில் தயாரிப்பு தொடங்கியது. 1995-இல் அதற்கென முதல் தர நிர்ணயமும் வெளியானது.

அதுவரை கட்டுப்பாட்டு அறைகள் நம்பியிருந்த "ஸ்கேடா" முறையில், தொலைவிலுள்ள நிலையங்களின் விவரங்கள் சில விநாடிகளுக்கு ஒரு முறைதான் வந்து சேரும். அவையும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. பி.எம்.யு. விநாடிக்கு 25 அல்லது 50 முறை அளந்து, ஒவ்வோர் அளவீட்டிலும் நேர முத்திரையிட்டு அனுப்புகிறது. எப்போதோ எடுத்த புகைப்படத்துக்கும் ஓடும் திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

முன்னரே எழுதப்பட்ட எச்சரிக்கை: பட்கேயின் பணி கருவியோடு முடியவில்லை. பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட ரிலேக்களே சில வேளைகளில் பேரழிவுக்குக் காரணமாகின்றன என்பதை அவரும் தார்ப்பும் தொடர்ந்து வலியுறுத்தினர். சாதாரண நாட்களில் வெளிப்படாமல், தொகுப்பு நெருக்கடியில் இருக்கும்போது மட்டும் தலைகாட்டும் குறைகளை "மறைந்திருக்கும் கோளாறுகள்" என்று பெயரிட்டு, 1990-களில் ஆய்வு செய்தனர். நிலைமைக்கேற்பத் தன் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் ரிலேக்கள் குறித்து 1988-லேயே கட்டுரை எழுதினர்.

குறிப்பிடத்தக்கது, மின்நிறுவனக் காலத்துச் சக பொறியாளர் ஸ்டான்லி ஹோரோவிட்ஸுடன் சேர்ந்து பட்கே 2006-இல் வெளியிட்ட கட்டுரை. அதன் பொருள், ரிலேயின் மூன்றாம் மண்டலம்.

தொலைவு ரிலே எனப்படும் கருவி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பழுது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணிக்கிறது. முதல் மண்டலம் தன் பாதையின் பெரும்பகுதியைக் காக்கும். இரண்டாம் மண்டலம் எஞ்சிய பகுதியையும் அதற்குச் சற்று அப்பாலும் கவனிக்கும். மூன்றாம் மண்டலம் அடுத்த பாதைக்கும் காவலாக நிற்கும். அங்குள்ள ரிலே செயல்படத் தவறினால் சற்றுப் பொறுத்து இது செயல்படும். பார்வை நீளும் அளவுக்கு ஏமாறும் வாய்ப்பும் கூடும். சுமை மிகும்போது மின்னோட்டம் உயர்ந்து மின்னழுத்தம் தாழ்வதால், தொலைவில் பழுது நேர்ந்ததைப் போன்ற தோற்றம் உண்டாகிறது.

2003 மின்தடைக்குப் பின், மூன்றாம் மண்டலத்தையே கைவிட்டுவிடலாம் என்ற கருத்து எழுந்தது. அதை எங்கே வைத்திருக்க வேண்டும், எவ்வாறு அமைத்தால் சுமையைப் பழுதாகக் கருதாது என்பதை அக்கட்டுரை எடை போட்டது. அது அச்சேறிய ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் பீனா - குவாலியர் பாதையில் அதே தவறு நேர்ந்தது. அறிவு இல்லாததால் அல்ல, இருந்த அறிவு களத்துக்கு வந்து சேராததால் நேர்ந்த இழப்பு அது.

இந்தியா கற்ற பாடம்: இந்தியாவில் பி.எம்.யு. அறிமுகமே ஆகவில்லை என்று கூற முடியாது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடக்கு மின் தொகுப்பில் தாத்ரி, கான்பூர், மோகா, விந்தியாசல் ஆகிய நான்கு இடங்களில் சோதனை முறையில் அவை பொருத்தப்பட்டன. 2012 மின்தடையின்போது பதிவான அத்தகைய விவரங்கள், எந்தக் கணத்தில் எந்தப் பாதை துண்டிக்கப்பட்டது என்பதை விசாரணைக் குழு கண்டறியப் பேருதவியாக இருந்தன. ஆனால், வலை முழுவதையும் பார்க்க அந்த எண்ணிக்கை போதாது.

விசாரணை அறிக்கைக்குப் பின் பணிகள் வேகம் பெற்றன. பவர் கிரிட் நிறுவனம், நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எம்.யு.க்களை நிறுவி ஒரே கட்டமைப்பில் இணைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அவற்றிலிருந்து வரும் விவரங்களை ஆராயும் மென்பொருள்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் துணையுடன் உருவாக்கப்பட்டன. ரிலேக்களின் மூன்றாம் மண்டல அமைப்புகளை மறு ஆய்வு செய்வதும் விசாரணையின் பரிந்துரைகளில் ஒன்றாக இருந்தது.

அதே அறிக்கை மற்றோர் உண்மையையும் மறைக்காமல் கூறியது. சில மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவைவிட அதிக மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருந்தன. அதைக் குறைக்குமாறு மண்டல மின்சுமை மையங்கள் விடுத்த அறிவுறுத்தல்களுக்குப் போதிய பலன் கிட்டவில்லை. எத்தனை துல்லியமான கருவியானாலும், அது காட்டுவதைக் கண்டு செயல்பட மனிதரும் விதிகளும் தேவை. நாடி துடிப்பதைச் சொல்வது கருவி. மருந்து கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

தமிழகத்துக்கு என்ன தொடர்பு?: 2012-இல் தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்கள் இந்த இருளிலிருந்து தப்பின. அப்போது தெற்கு மின் தொகுப்பு தனியே இயங்கியது. மற்ற பகுதிகளுடன் நேர்மின்சாரப் பாதைகள் வழியே மட்டும் இணைக்கப்பட்டிருந்ததால் வடக்கின் அதிர்வு தெற்கைத் தாக்கவில்லை.

இன்று நிலை வேறு. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியதும், காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒரே தொகுப்பு உருவானது. மின்சாரம் உபரியாக உள்ள இடத்திலிருந்து பற்றாக்குறை உள்ள இடத்துக்குச் செல்ல இது வழி செய்தது. அதே வேளையில், எங்கோ நேரும் தடுமாற்றத்தின் விளைவை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியும் உள்ளது. 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி நாட்டின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டை எட்டியது. இத்தனை பெரிய சுமையைத் தாங்கும் ஒரே நுகத்தில் சென்னையும் குவாலியரும் இன்று சேர்ந்தே பூட்டப்பட்டுள்ளன.

சூரிய மின்சக்தி வளர வளர இந்தக் கண்காணிப்பின் தேவையும் கூடுகிறது. அனல், புனல் மின்நிலையங்களில் கனத்த சுழலிகள் ஓடுகின்றன. திடீர்க் குறைபாடு நேரும்போது அவற்றின் சுழற்சி வேகம் சட்டெனக் குறைவதில்லை. அதனால் தொகுப்புக்குச் சில விநாடி அவகாசம் கிடைக்கிறது. சூரியத் தகடுகளில் சுழலும் பொருள் ஏதுமில்லை. அவற்றின் பங்கு உயரும்போது அந்த அவகாசம் சுருங்குகிறது.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுமையாக இருண்டன. மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி உயர்ந்தது அங்கே சரிவுக்கு வழிவகுத்தது. சரிவுக்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் தொகுப்பில் இரு முறை அலைவுகள் தோன்றியதை அளவீடுகள் பதிவு செய்திருந்தன. விநாடிக்குப் பல முறை அளக்கும் கருவிகள் இருந்தால்தான் அத்தகைய அலைவுகளைக் காண முடியும்.

ஒரு கல்வி வாழ்வின் அளவுகோல்: 1993-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினராக பட்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2008-இல் அவருக்கும் ஜேம்ஸ் தார்ப்புக்கும் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் கூட்டாக வழங்கப்பட்டது. ரிலேக்கள் குறித்து ஹோரோவிட்ஸுடனும், பேஸர் அளவீடு குறித்து தார்ப்புடனும் அவர் எழுதிய நூல்கள் மின்பொறியியல் மாணவர்களுக்குப் பாடநூல்களாக விளங்குகின்றன.

ஆனால், இந்த வாழ்வு உணர்த்தும் பாடம் விருதுகளில் இல்லை. 1970-களில் மின்நிறுவனத்தில் தொடங்கிய ஓர் ஆய்வு, 1988-இல் கருவியானது. 2003-க்குப் பின்னரே அதன் அருமையை அமெரிக்கா முழுமையாக உணர்ந்தது. 2012-க்குப் பின்னரே இந்தியாவில் பரவலானது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் ஆய்வை இன்றைய ஆண்டுக் கணக்குகளால் அளக்க முடியாது. அத்தகைய ஆய்வுகளைப் பொறுமையுடன் பேணும் பல்கலைக்கழகங்களும், தம் சிக்கல்களைக் கூச்சமின்றி ஆசிரியர்கள் முன் வைக்கும் மின்நிறுவனங்களும் ஒருங்கே அமைந்தால்தான் அவை பிறக்கும்.

நம் மாநில மின்வாரியங்களில் பல பத்தாண்டுகள் களப்பணி புரிந்த பொறியாளர்களும், ஐ.ஐ.டி.களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மின் தொகுப்பியல் கற்பிக்கும் பேராசிரியர்களும் இருக்கின்றனர். ஒருவர் அறிந்தது மற்றவரிடம் சென்று சேரும் வழிதான் குறுகலாக உள்ளது. வாரியப் பொறியாளர் சில ஆண்டுகள் வகுப்பறையில் இருப்பதும், பேராசிரியர் சில ஆண்டுகள் மின்சுமை மையத்தில் அமர்வதும் இங்கே வழக்கமாக வேண்டும். 2006-இல் அச்சான ஒரு கட்டுரை 2012-க்குள் பீனா துணை மின்நிலையத்தை எட்டியிருக்க வேண்டுமானால், அது செல்லக்கூடிய வழி அதுவே.